மிஸ்டுகால் மிராசுதார்

காவிரிப் படுகையின் சமூகத்தை வகைப்படுத்துவோர் மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என்ற மூவரோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆயினும் திருவையாற்றுக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட வயல் வரப்புகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடமாடிவரும் மிஸ்டுகால் மிராசுதாரை நான்காமவராகச் சேர்க்காத வரையில் அந்தப் பட்டியல் நிறைவுபெறாது. மிராசு என்பது ஊர் நிலத்தில் ஒரு குடும்பத்துக்குப் பரம்பரையாக இருந்துவந்த பங்குரிமை. இவருக்கு அப்படியொன்றும் கிடையாது. உள்ளது ஐந்து மா நிலம், அதாவது இருபது மா கொண்ட ஒரு வேலியில் காற்பங்கு, ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குச் சற்று மேல். எனினும், முதன்முதலில் வாங்கிய சிம் கார்டின் பத்து இலக்க எண்ணை அவர் காத்துவரும் சிரத்தையைக் காண்போர், அந்த எண் சோழர் காலத்தில் செப்பேட்டில் வெட்டிக் கொடுக்கப்பட்டதோ என்று ஐயுறுவர்.

அவருடைய கருவி பட்டன் போன், அதாவது தொடுதிரை இல்லாமல் பொத்தான்களை அழுத்தி இயக்கும் கைப்பேசி. பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் சுற்றி, மழைக்கும் வியர்வைக்கும் அஞ்சிப் பாலித்தீன் பையில் இட்டு, சட்டைப்பையில் வைத்திருப்பார். அதைப் பேசுவதற்கான கருவி என்று கொள்வது பிழை. மிஸ்டுகால் என்பது மறுமுனையில் எடுப்பதற்குள் துண்டிக்கப்படும் அழைப்பு; எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்ற ஒரே விதியின் மீது அவர் ஒரு முழு மொழியையே கட்டியெழுப்பியிருந்தார். ஒரு மணி அடித்து நின்றால் மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மோட்டாரைப் போடலாம் என்று பொருள். இரண்டு மணி அடித்தால் வயலுக்குக் காப்பி வரவேண்டும். மூன்று மணி அடித்தால் அறுவடை மிஷின் பக்கத்து வயலில் இறங்கிவிட்டது, சாக்கும் தார்ப்பாயும் உடனே தேவை. இம்மொழியில் இலக்கணப் பிழை ஒன்றே ஒன்றுதான்: வீட்டிலிருப்பவர் பதற்றத்தில் அழைப்பை எடுத்துவிடுவது. அவ்வாறு எடுத்துவிட்ட மனைவியிடம் அவர் அன்றைய பொழுதுக்குப் பேசுவதில்லை. கட்டணம் இல்லாத நேர்ப்பேச்சையும் நிறுத்திக்கொள்வார் என்பதிலிருந்து அவருடைய கோபத்தின் தூய்மை விளங்கும்.

இந்த நாகரிகத்துக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1995இல் இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கியபோது அழைத்தவரோடு அழைக்கப்பட்டவரும் பணம் கட்டவேண்டியிருந்தது. 2003 மே மாதம் முதல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்து, உள்வரும் அழைப்பு இலவசமாயிற்று. 2006ஆம் ஆண்டை ஒட்டி, 999 ரூபாய் கட்டினால் வாழ்நாள் முழுவதும் உள்வரும் அழைப்பு என்று விற்கப்பட்ட லைஃப்டைம் திட்டங்களை மிராசுதார் நிலக்கிரயம் போலவே கருதி வாங்கினார். அங்கே வாழ்நாள் என்றது அவருடைய ஆயுளை அன்று, நிறுவனத்தின் உரிமக் காலத்தை என்பதை அவர் பிற்பாடுதான் தெரிந்துகொண்டார். 2018 பிப்ரவரியில் தமிழகத்தில் பெரும் வாடிக்கையாளர் கூட்டத்தைக் கொண்டிருந்த ஏர்செல் நிறுவனம் நொடித்துப்போய்ச் சிக்னல் அற்றபோது, எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் எண் பெயர்வு வசதிக்காக வரிசையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். அவ்வாண்டு இறுதியில் ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும், 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யாவிட்டால் வெளிச்செல்லும் அழைப்பு முதலிலும் உள்வரும் அழைப்பு அடுத்தும் நிறுத்தப்படும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவில் தென்னையையும் மின்கம்பத்தையும் செல்போன் டவரையும் ஒருசேரச் சாய்த்த அதே மாதத்தில்தான் இந்த ஏற்பாடும் பேசுபொருளாயிற்று. டவரே இல்லாத ஊரில் அழைப்பு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கையை எந்தப் போனில் படிப்பது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே.

ஏர்டெலின் கணக்கில் அந்த 35 ரூபாய் 2021 இறுதியில் 99 ஆகவும், 2024 ஜூலையில் 199 ஆகவும் வளர்ந்ததைவிட, அந்த 28 நாள் அவரை அதிகம் வருத்தியது. பஞ்சாங்கம் பார்த்து நாற்றுவிடும் குடும்பத்தில் பிறந்த அவருக்கு, தமிழ் மாதம் 29 நாள் முதல் 32 நாள் வரை போகும் என்பது தெரியும். 28 நாளில் ஒரு மாதத்தை முடித்து ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம் நடத்துவது எந்தச் சித்தாந்தம் என்பதைக் கும்பகோணத்துச் சோதிடர்களாலும் விளக்க இயலவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 30 நாள் திட்டம் ஒன்றையேனும் வைத்தாக வேண்டும் என்று 2022இல் உத்தரவிட்டது, பஞ்சாங்கத் திருத்தம் என்றே அவர் வட்டாரத்தில் பேசப்பட்டது.

போனையே விட்டுவிடலாமே என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. அவர்கள் நெல் விற்றறியாதவர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பதிவுசெய்ய ஒரு கைப்பேசி எண் வேண்டும். பி.எம். கிசான் திட்டத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் 2,000 ரூபாய்க்கும் ஓ.டி.பி., அதாவது ஒருமுறை மட்டும் பயன்படும் கடவெண், கேட்கப்படுகிறது. எரிவாயு உருளையைக் கொண்டுவருபவரும் வாசலில் நின்று எண் கேட்கிறார். ஆகவே அவர் கட்டும் பணம் பேசுவதற்கான கட்டணம் என்பதைவிட, அரசாங்கத்தின் கண்ணில் உயிரோடிருப்பதற்கான கட்டணம் என்பதே பொருந்தும்.

அந்தக் கட்டணத்தில் அவருக்குத் தேவையற்ற இணையமும் கட்டாயமாகச் சேர்ந்திருந்தது. “நெட்டு வேணாம் தம்பி, பேச மட்டும் போட்டு விடு” என்று ரீசார்ஜ் கடையில் அவர் கேட்பதும், “அப்படித் தனியாப் பிரிச்சுப் போட முடியாதுங்க ஐயா” என்று கடைக்காரப் பையன் சொல்வதும், மேட்டூர் அணை திறப்பு அறிவிப்பைப் போல ஆண்டுதோறும் மாறாத வாசகங்கள். இந்நிலையில் 2024 டிசம்பர் 23 அன்று டிராய் வெளியிட்ட விதித்திருத்தம், குரலும் குறுஞ்செய்தியும் மட்டுமே கொண்ட திட்டம் ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் தரவேண்டும் என்றது. அடுத்த மாதமே ஏர்டெல் 84 நாளுக்கான 509 ரூபாய்த் திட்டத்திலிருந்து 6 ஜி.பி. இணையத்தை நீக்கி 499 ரூபாய்க்கும், விலைகளைப் பரிசீலிக்கப்போவதாக டிராய் சொன்ன பிறகு 469 ரூபாய்க்கும் தந்தது. ஜியோவின் அதே கால அளவுத் திட்டம் 458இல் தொடங்கி 448இல் நின்றது. மிராசுதார் இவ்விவரத்தைக் கேட்டுச் சிறிது நேரம் வெற்றிலையை மென்றார். இத்தனை ஆண்டுகளாகத் தம் தலையில் கட்டப்பட்ட இணையத்தின் மதிப்பு, அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும்போது நாற்பது ரூபாய்தான் என்பது அவருக்கு நெல் வியாபாரிகளின் தராசை நினைவூட்டியிருக்க வேண்டும். ஏர்டெலின் ஆண்டுத் திட்டத்துக்கான 1,849 ரூபாயை அவர் நெல்லாக மாற்றிப் பார்த்தார்: சன்னரகம் குவிண்டால் 2,450 ரூபாய்க்குக் கொள்முதலான அந்தப் பருவத்தில், அது நாற்பது கிலோ சிப்பம் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. சிப்பம் என்பது கொள்முதல் நிலையத்தில் நெல் எடைபோட்டுத் தைக்கப்படும் மூட்டை. அந்த நெல்லை வீட்டில் வைத்திருந்தால் ஒரு மாதச் சாப்பாட்டுக்கு ஆகும் என்று மனைவி சொன்னதை அவர் மறுக்கவில்லை.

ஆகவே ஏர்டெலின் 84 நாள் திட்டத்துக்கே பணம் கட்டினார். கட்டிய பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கிற்று. திட்டத்தில் அழைப்புகளுக்கு அளவில்லை. அளவில்லாத ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு ஒரு மணி, இரண்டு மணி என்று துண்டித்துக்கொண்டிருப்பது நஷ்டம் என்பது அவருக்கு உறைத்தது. 84 நாளுக்கு 900 வீதம் வந்த குறுஞ்செய்திகள், அனுப்பத் தெரியாத காரணத்தால் தரிசாகவே கிடந்தன. அந்த இழப்பையும் பேச்சிலேயே ஈடுகட்ட வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாம் மணியடித்தே காலம் கழித்தவர், குறுவை நாற்றங்காலில் தொடங்கித் தாளடி உரவிலை வரை ஒவ்வொன்றைக் குறித்தும் தினமும் விரிவாகப் பேசலானார். திருப்பூரிலிருக்கும் மகன் வேலை நேரம் என்று தப்பித்துக்கொண்டான். ஓய்வுபெற்றவராகையால் அந்தச் சாக்குக்கு வழியில்லாத மன்னார்குடிச் சம்பந்திதான் முழுமையாக அகப்பட்டார். காலை எட்டு மணிக்கு ஒருமுறை, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஒருமுறை, ராத்திரி செய்திகளுக்குப் பின் ஒருமுறை. இப்போது அந்தச் சம்பந்தி, தம்முடைய வேலிடிட்டி முடிந்து உள்வரும் அழைப்பும் நின்றுபோன பின்பு, ரீசார்ஜ் கடைப் பக்கமே போகாமலிருப்பதாகத் தெரிகிறது.