இரண்டு குழாய், ஒரு தொட்டி

“உங்க பையனுக்குக் கணக்கு வராதுங்க.” பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் வட்டாரத்துப் பள்ளி அலுவலகங்களில் இந்தத் தீர்ப்பு வாசிக்கப்படும். மேல்முறையீடு கிடையாது. வாசிப்பவர் கணக்கு வாத்தியார்கூட அல்ல. நூறு சதவீதத் தேர்ச்சி என்று போடப்போகும் பேனருக்கு இப்போதே கணக்குப் பார்க்கும் தாளாளர். அந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே வரும்.

பையன் கேட்டது கம்ப்யூட்டர் படிப்பு. அப்பா கெஞ்சிக் கூத்தாடி, ஃபீஸை முன்கூட்டியே கட்டி, ஃபஸ்ட் குரூப் வாங்கிவிட்டார் என்றே வையுங்கள். பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? அணிகள், எல்லை, வகையிடல், தொகையிடல். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம். ஆகவே பல பள்ளிகளில் அதைத் திறப்பதே இல்லை. பதினொன்றின் ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடும். இரண்டு வருஷமும் அதே மனப்பாடம். இந்தத் திருட்டைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதுவும் ரத்து. அன்றைக்குச் சில தாளாளர் வீடுகளில் பாயசம் வைத்திருப்பார்கள்.

அடுத்து பொறியியல் கவுன்சலிங். கட்-ஆஃப் 200, அதில் பாதி, முழுசாக 100, கணக்குக்கு. கணக்கு அவ்வளவு புனிதம்! ஆனால் அந்த 200க்கு 80 வாங்கினாலும் ஏதோவொரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உண்டு. சிவில், மெக்கானிக்கல் பெயர்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு வாசலில் காத்திருக்கிறார்கள். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ். பதினொன்றில் திறக்காமல் விட்ட புத்தகம் இங்கே பேயாக வந்து நிற்கும். “யூனிட் ஒண்ணும் மூணும் மட்டும் பாரு, பாஸ் ஆயிடலாம்” என்பதற்குப் பெயர் கற்பித்தல். பாஸ் ஆகாவிட்டால் அரியர்.

அரியருக்கும் மருந்து கண்டார்கள். கொரோனாக் காலத்தில், 2020 ஆகஸ்ட் 26 அன்று, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், தேர்வெழுதாமலே தேர்ச்சி என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. மாணவர்கள் போஸ்டர் ஒட்டிக் கும்பிட்டார்கள். தேர்வை விட்டுக்கொடுத்தார்கள், கட்டணத்தை விட்டுக்கொடுக்கவில்லை, கவனியுங்கள். 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றது. அதற்கு முந்தைய மாதம்தான் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தன் பங்குக்கு, பொறியியலில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குக் கட்டாயமில்லை என்று கையேடு போட்டு, கூச்சல் கிளம்பியதும் விளக்கத்துக்கு மேல் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. தேர்வை எடுக்கலாம், பாடத்தையே எடுக்கலாம். சொல்லிக்கொடுப்பது மட்டும் இவர்களுக்கு ஆகாத காரியம்.

எப்படியோ கரையேறியவனுக்கு வேலைவாய்ப்பில் ஆப்டிட்யூட் டெஸ்ட். ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 8 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும்? செம்பாக்கத்துப் பையனுக்கு விடை தெரியும்: லாரி வந்தால் நிரம்பும். 2019 ஜூனில் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன ஓஎம்ஆர் கம்பெனிகளுக்குத் தங்கள் தொட்டி எப்போது நிரம்பும் என்று சொல்லத் தெரிந்ததா? அடுத்த கேள்வி, ஓட்டத்தை எதிர்த்துப் போகும் படகின் வேகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்த் தெருவுக்குள் அந்தப் படகில் பாட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போன பிள்ளைகளிடம் இதைக் கேட்கிறார்கள். தண்ணீர் போகும் வழியில் பிளாட் போட்டு விற்றவர்களின் கணக்கு எந்தத் தாளிலும் வருவதில்லை. ஒரு நிமிஷத்துக்குள் சரியான வட்டத்தைத் தொடாதவனுக்கு ‘கணக்கு வராது’ என்று மறுபடியும் முத்திரை.

சரி, தேறியவனுக்குச் சோழிங்கநல்லூர்க் கண்ணாடிக் கட்டடத்தில் என்ன வேலை? அமெரிக்காவில் யாரோ அழுத்திய பட்டன் ஏன் வேலை செய்யவில்லை என்று நடுராத்திரியில் லாகைப் படித்து டிக்கெட்டை மூடுவது. அதற்குப் பொறுமை வேண்டும், எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டாமல் படிக்க வேண்டும், இது நடந்தால் அது நடக்கும் என்று யோசிக்கத் தெரிய வேண்டும். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் வேண்டாம். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜோஹோ, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைக் கட்-ஆஃப் கேட்காமல் எடுத்து, தானே சொல்லிக்கொடுத்து வேலையும் கொடுக்க ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. (அதன் நிறுவனர் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பது வேறு கதை.)

உடனே கணக்கே தேவையில்லை என்று துள்ள வேண்டாம். அது அடுத்த மோசடி. இப்போது திரும்பிய பக்கமெல்லாம் ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ விற்கிறார்கள். அதன் வயிற்றுக்குள் ஓடுவதே அணிப் பெருக்கலும் நிகழ்தகவும் வகையிடலும்தான். கணக்கு உண்மையிலேயே வேண்டிய இடத்தில், கணக்குச் சொல்லித்தரப்படாத பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்து, “லைப்ரரி இருக்குப்பா, இம்போர்ட் பண்ணிக்கோ” என்கிறார்கள். சிறுசேரி சிப்காட்டுக்குள்ளேயே சி. எஸ். சேஷாத்ரி உருவாக்கிய சென்னைக் கணிதவியல் கழகம் 2005இலிருந்து இருக்கிறது. கணிதத்தையும் கணினியையும் சேர்த்தே ஒரு பட்டமாக நடத்துகிறார்கள். கம்பெனி பஸ்கள் தினமும் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன, யாரும் இறங்கிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

சரி, கல்லூரியில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் 200க்கும் மேற்பட்டவற்றில், ஒரே ஆள் பல கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர். ஒருவர் 11 கல்லூரிகளில். ஆய்வுக் குழு போட்டு, தலையெண்ணி, இணைப்பு வழங்கப்பட்ட கல்லூரிகள் இவை. ஆகவே அந்தத் தலைகளை எண்ணிய பெரியவர்களுக்கு ஓர் ஆப்டிட்யூட் கேள்வி. நேரம் ஒரு நிமிஷம், கால்குலேட்டர் அனுமதி உண்டு. ஓர் ஆசிரியர் 11 கல்லூரிகளில் முழுநேரம் பாடம் எடுக்கிறார். ஒவ்வொரு வகுப்பிலும் 60 பிள்ளைகள், ஃபீஸ் பாக்கி வைக்காதவர்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் ஒரு வகுப்பில் நிற்கிறார். மீதிப் பத்து வகுப்புகளில் போர்டுக்கு முன்னால் நிற்பது யார்?