கடப்பாரை மட்டும் நல்லதாப் பாத்து வாங்கு, கண்ணு

வேலைய விட்டுப்போட்டு, வேன் ஒண்ணு வாங்கி, அதுக்குள்ளயே அடுப்பும் கட்டிலும் போட்டுக்கிட்டு, கல்லும் தங்கமும் தேடி ஊரூராப் போகப் போறயாமா? உங்கம்மா அழுதுக்கிட்டே சொன்னா. நான் அழுவல, கண்ணு. நல்ல யோசனைதான். ஏசி ரூமுல உக்காந்து கண்ணு கெடறதுக்கு, வெயில்ல குனிஞ்சு முதுகு கெட்டுட்டுப் போகுது.

நீ எழுதி வெச்ச சாமான் பட்டியலையும் காட்டுனா. நம்ம பக்கம் கல்யாணச் சீருக்குக்கூட இத்தன எழுத மாட்டாங்க. வாங்கு, வேண்டாம்னு சொல்லல. எது ஆகும், எது ஆகாதுன்னு மட்டும் இந்த அப்புச்சி சொல்றதக் கேட்டுக்க.

மெட்டல் டிடெக்டர்னு தலைமாட்டுலயே எழுதியிருக்கற. கல்லுக்கு அது கத்தாது சாமி. தங்கத்துக்குக் கத்தும், ஆனா நம்ம மண்ணுல அதுக்கு முன்னால லாடத்துக்குக் கத்தும், ஆணிக்குக் கத்தும், பீர் பாட்டில் மூடிக்கு உசுரே போறாப்பல கத்தும். யோகம் இருந்து ரோமாபுரிக் காசு ஒரு சட்டி கெடச்சுதுன்னு வெய்யி. கொங்கு நாட்டுல அது அப்பப்பக் கெடைக்கறதுதான். உடனே உனக்குன்னு நெனச்சறாதே. 1878ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்குது. பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம் இருந்தாக் கலெக்டர்கிட்டச் சொல்லியாகோணும். ரெண்டு பேரு டீ குடிச்சாப் பத்தாத காசு அது! வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் போட்ட பத்து ரூபாய் போகல. டிடெக்டரை அடிச்சுப் போடு.

அடுத்தது ஊதா வெளிச்சம் அடிக்கற டார்ச்சு. இருட்டுல அடிச்சா நல்ல கெம்பு செவசெவன்னு எரியும், நெசந்தான். ஆனா உலையில செஞ்ச கெம்பு அதவிட ஜோரா எரியும். பொய்யி எப்பவும் நெசத்தவிடச் சித்தெ பளபளப்பாத்தான இருக்கும்? வெர்னேய்ங்கற பிரெஞ்சுக்காரன் பொடிய உருக்கிக் கெம்பு பண்ற வித்தைய 1902லயே சொல்லிப்போட்டான். செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டறத ஊட்டுக்கு ஊடு கைத்தொழிலா வெச்சிருந்த ஊரு நம்ம திருச்சி. நமக்கும் இது புதுசு இல்ல. ரோமாபுரிப் பிளினி கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலயே எழுதி வெச்சிருக்கறான், இந்தியாக்காரங்க படிகத்துக்குச் சாயம் ஏத்திப் பெரில் கல்லுன்னு காட்டறாங்கன்னு. டார்ச்சு வேண்டாம். பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ் வாங்கிக்க. கல்லுக்குள்ள கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடுனா, காத்துக் குமிழி தெரிஞ்சா, அது உலையில பொறந்தது. மண்ணுல பொறந்ததுக்குள்ள ஊசி இருக்கும், விரிசல் இருக்கும், அழுக்கு இருக்கும். கொறையே இல்லாத கல்ல எவனாச்சும் நீட்டுனா அவன் மூஞ்சிய லென்ஸ் வெச்சுப் பாரு. நீ பாக்காத நேரத்துல எனக்குப் பஞ்சாங்கம் படிக்க ஆகும்.

கடப்பாரையும் மண்வெட்டியும் சல்லடையும் எழுதியிருக்கற. இதுதான் புத்தி. கல்லு தேடறதுல ரகசியம் ஒண்ணுமில்ல, கனத்துலதான் எல்லாம் கெடக்குது. நீலமும் கெம்பும் தண்ணியவிட நாலு மடங்கு கனம். சாதா வெங்கச்சங்கல்லு ரெண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல. பருக்கை மண்ணச் சல்லடையில அள்ளித் தண்ணிக்குள்ள வெச்சு மேலும் கீழும் குலுக்கிச் சுத்துனா, கனமானது நடுவுல அடிக்குப் போயிரும். அப்பறம் சல்லடையத் தரையில ஒரே போடாக் கவுத்து எடு. நடு உச்சியில கருப்பா ஒரு வட்டம் நிக்கும். அங்கதான் பாக்கோணும். பளபளன்னு மின்னும்னு பாத்துக்கிட்டு உக்காந்துறாதே. நம்ம சிவன்மலைப் பக்கத்துக் கல்லு சேத்து நெறத்துல, ஆறு பட்டையா, நடு வயிறு உப்பிக் கெடக்கும். எச்சில் தொட்டு வெயில்ல தூக்கிப் பிடிச்சாத்தான் ஓரத்துல துளி நெறம் தெரியும். மழ பேஞ்சு ஓஞ்ச வெடியால, உழுத காட்டுல, பொழுதப் பாக்க நடந்தா ஆம்புடும். அதுக்கு வேன் எதுக்குன்னு கேக்காதே, நானும் கேக்கல.

தங்கத்துக்குக் கூடலூர்ப் பக்கம் போறேன்னு எழுதியிருக்கற. போயிட்டு வா. உனக்கு முன்னால லண்டனே வந்துட்டுப் போன தடம் அது. ஆஸ்திரேலியாவுல இருந்து பிரௌ ஸ்மித்துன்னு ஒரு சுரங்க நிபுணரை 1879ல சர்க்கார் கூட்டியாந்தது. அவரு பாத்து அறிக்கை எழுதுனாரு. அந்தச் சூட்டுல லண்டன்ல முப்பதுக்கு மேல கம்பெனி மொளச்சுப் பங்கு வித்தது. பந்தலூருக் காட்டுல குதிரைப் பந்தயத் திடலே போட்டாங்க. பாறைய இடிச்சுப் பாத்தா டன்னுக்குச் சில கிராம். ரெண்டு மூணு வருசத்துல கம்பெனியெல்லாம் காணோம். அவங்களுக்கும் முன்னால இருந்து அங்கத்த பணியரும் குறும்பரும் ஆத்து மணல மரத்தட்டுல அலசித் துளித் துளியாத் தங்கம் எடுத்தாங்க. அவங்க கம்பெனி வெக்கல, அதனால திவாலும் ஆகல. மரத்தட்டுக்கு நீ எங்க போவ? சாந்துச் சட்டி ரெண்டு வாங்கிக்க. மணலத் தண்ணியில சுத்தி மேல நிக்கறதச் சாய்ச்சு விட்டுக்கிட்டே வந்தா அடியில கருமணல் நிக்கும். தங்கம் தண்ணியவிடப் பத்தொம்பது மடங்கு கனம், அதுக்கும் அடியிலதான் படுத்திருக்கும். மஞ்சளா ஏதாச்சும் தெரிஞ்சா உங்கம்மாவுக்குப் போன் போட்டறாதே, சுத்தியல்ல ஒரு தட்டுத் தட்டு. தட்டையானாத் தங்கம், தூளானா உனக்குப் பேரு வெச்ச மாதிரி முட்டாள் தங்கம். பழைய சொரங்கத்துக்குள்ள மட்டும் தலைய நீட்டாதே. உள்ள மண்ணு சரியும், காத்து இருக்காது. வெளிய வந்தா ஆனை நிக்கும்.

பட்டியல்ல ஒண்ணே ஒண்ணு உட்டுப்போச்சு. காயிதம். 1957ஆம் வருசத்துக் கனிமச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமச் சொரங்கம் போட்டா அஞ்சு வருசம் வரைக்கும் உள்ள வெப்பாங்க, அபராதம் ஏக்கருக் கணக்குல இல்ல, ஹெக்டேருக்கு அஞ்சு லட்சம் வரைக்கும். அப்பறம் வனத்துறை இருக்குது, காட்டுக்காரன் இருக்கறான், காட்டுக்காரன் வளக்கற நாயி இருக்குது. மூணு பேருகிட்டயும் கேட்டுட்டுக் குழி வெட்டு.

எல்லாம் தாண்டிக் கல்லே கெடச்சுருச்சுன்னு வெய்யி. அங்கதான் உன் பாடு ஆரம்பிக்குது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கை போட்டு வெல பேசறதப் பாத்திருக்கறயல்லோ? வெரலு பேசும், மூஞ்சி பேசாது. உனக்கு மூஞ்சியே பேசும். சின்னதுல முறுக்கத் திருடித் தின்னுட்டுக் கேக்கறதுக்கு முன்னாலயே இல்லைன்னு சொன்னவன் நீ. கல்லு யாவாரி உன் கல்லப் பாக்க மாட்டான், உன் கண்ணத்தான் பாப்பான். பாத்துட்டு, "இது ஒண்ணுக்கும் ஆகாதுங்க, சும்மா ஆசைக்கு வெச்சுக்கறேன்"னு சொல்லுவான். ஒண்ணுக்கும் ஆகாத கல்லுக்கு எவன் ஆசப்படுவான்? எந்திரிச்சு வந்துரு. அவனே பின்னால வருவான். வராட்டி நெசமாலுமே ஒண்ணுக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்க.

ஆக, நான் சரின்னு சொன்னத எழுதிக்க. கடப்பாரை நாலு, மண்வெட்டி ரெண்டு, சாந்துச் சட்டி, சல்லடை, வடக்கயிறு அம்பது அடி, மண்ணு கழுவத் தண்ணி எறைக்கறதுக்கு ஒரு மோட்டாரு, நெத்தியில கட்டற லைட்டு. நல்ல கம்பெனியாப் பாத்து வாங்கு, காசப் பாக்காதே. என்ன கண்ணு சிரிக்கற? கெணறு தூரு வாரற சாமானாட்டம் இருக்குதா? இருக்கட்டுமே. படியூர்ல 1819ல ஹீத்து தொரை பெரில் கல்லு எடுத்த கதையக் காங்கேயத்துல யாரு வேணாலும் சொல்லுவாங்க. நம்ம கெணத்துல அஞ்சு வருசமாச் சேறு கெடக்குது, அதுல என்ன இருக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? வேனு வர்ற வரைக்கும் இங்க ஒரு வாரம் கை பழகிக்க. கல்லு வந்தா முழுசும் உனக்கு. தண்ணி வந்தா எனக்கு.