ஒளியாண்டுக்கு என்ன வாடகை?

கிரகம் விட்டுக் கிரகம் உப்பு விற்கும் தொழிலில் நான் இறங்கியது தொண்ணூறுகளின் கடைசியில், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மூன்றாவது மாடியில். முதலீடு ஒரு கிராஃப் நோட்டு, இரண்டு பென்சில், ஓர் அறைத்தோழன். பல பேர் ஒரே சமயத்தில் ஆடக்கூடிய விண்வெளி வியாபார விளையாட்டு ஒன்றை வடிவமைத்து, டெலிபோன் வயர் வழியாக உலகத்தின் தலையில் கட்டுவதாகத் திட்டம். எங்களிடம் டெலிபோன் இல்லை. கம்ப்யூட்டர் ஆபீசில் இருந்தது. அது இரண்டு இலக்க வருஷங்களை நான்கு இலக்கமாக்கும் ஒய்2கே திருப்பணியில் மூழ்கியிருந்தது. பிரபஞ்சம் மட்டும் கைவசம் தயாராக இருந்தது.

இன்று அதே வேலைக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பதவியின் பெயர் எகானமி டிசைனர். கிராஃப் நோட்டு கேட்டால் ஆபீஸ் பையன் கூகுளில் தேடிப் பார்க்கிறான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது 'எலைட்' என்ற விளையாட்டு வழியாக. 1984இல் டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்காக எழுதியது. அந்த மெஷினின் மொத்த நினைவகம் 32 கேபி. காலையில் சித்தப்பா வாட்ஸப்பில் அனுப்பும் ரோஜாப்பூ அதைவிடப் பெரிது. அதற்குள் 8 மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 கிரகங்கள், ஒவ்வொன்றிலும் சந்தை. சூட்சுமம் என்னவென்றால், கிரகம் எதையும் சேமித்து வைப்பதில்லை. மூன்று எண்களை விதையாகப் போட்டு, ஃபிபனாச்சி வரிசை போலக் கூட்டிக்கொண்டே போனால் வருகிற எண்ணிலிருந்து ஊர்ப்பேர், ஆட்சி, செல்வநிலை, விலைவாசி எல்லாம் பிறந்துவிடும். நீங்கள் கிளம்பியதும் காணாமல் போகும். திரும்பி வந்தால் அதே கணக்கு, அதே ஊர்.

இந்தக் கணக்கை ஓட்டி சுமார் 281 லட்சம் கோடி மண்டலங்கள் தருகிறோம் என்று பையன்கள் சொன்னார்களாம். வெளியிட்ட ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம், எட்டு போதும் தம்பிகளா என்றுவிட்டது. அத்தனையையும் திறந்து காட்டினால் எல்லாம் ஒரே அச்சு என்பது ஆடுகிறவனுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. விளையாட்டுத் துறையில் ஒரு நிர்வாகி சொன்ன மிகப் புத்திசாலித்தனமான வார்த்தை இதுதான் என்பது என் அபிப்பிராயம். பின்னால் வந்தவர்கள் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

என் அறைத்தோழனுக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. சௌகார்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'எலைட்' ஆடிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் விமர்சனம் எழுதினான்: "மச்சான், எல்லாம் நல்லாருக்கு. ஆனா ஏமாத்துறதுக்கு ஒரு ஆளு இல்லையேடா."

உண்மை. 'எலைட்'டில் எதிரில் வரும் கப்பல் எல்லாம் புரோகிராம். சந்தையும் புரோகிராம். பேரம் கிடையாது, கடன் கிடையாது, காலை வாருவது கிடையாது. இதையெல்லாம் கழித்துவிட்டால் வியாபாரத்தில் என்ன மிச்சம் இருக்கிறது? எங்கள் விளையாட்டில் மனிதர்கள் இருப்பார்கள் என்று அன்றைக்கே முடிவானது.

மனிதர்கள் வந்தவுடன் முதலில் உடைந்தது கடிகாரம். 'எலைட்'டின் இரண்டாம் பாகம் 1993இல் ஒரே ஃப்ளாப்பியில் வந்தது. அதில் தூரப் பயணம் அலுத்தால் காலத்தை வேகமாக ஓட்டிவிடலாம். தனியாக ஆடுகிறவனுக்கு அது சரி. பத்துப் பேர் ஆடும்போது என் காலத்தை நான் எப்படி ஓட்டுவது? மற்ற ஒன்பது பேருக்கும் அது பொதுக் கடிகாரம். ஆக, தூரம் என்றால் நிஜமாகவே காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரமே இருக்கக் கூடாது. நான் ஐன்ஸ்டைனை எல்லாம் இழுத்து, ஒளிவேகத்தை ஒட்டிப் போகிற கப்பலில் காலம் மெதுவாக ஓடும், அப்போது சரக்கின் மேல் வாங்கிய கடனுக்கு வட்டியை எந்தக் கடிகாரத்தில் போடுவது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். தோழன் மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்தபடி, "சேட்டு கடிகாரத்துலதான். லாரி எங்க நின்னாலும் வட்டி சௌகார்பேட்டைல ஓடும்" என்றான். பல வருஷம் கழித்து, பொருளாதார நிபுணர் பால் க்ரூக்மன் 1978இல் விளையாட்டாக எழுதிய நட்சத்திரங்களுக்கிடையேயான வணிகக் கோட்பாடு படிக்கக் கிடைத்தது. வட்டியைக் கப்பல் கடிகாரத்தில் கணக்கிடக் கூடாது, கிரகத்துக் கடிகாரத்தில்தான் என்பது அவருடைய முதல் தேற்றம். 2008இல் அவருக்கு நோபல் கிடைத்தது, வேறு காரணத்துக்காக. தோழனுக்குக் கிடைத்தது தீபாவளி போனஸ்.

விளையாட்டைச் சோதிக்கக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேன்ஷனையே சர்வர் ஆக்கினோம். ஒவ்வோர் அறையும் ஒரு கிரகம், கதவில் விலைப்பட்டியல். தரைத்தளத்தில் உப்பு மலிவு, மொட்டைமாடியில் துணி மலிவு. புளியங்கொட்டைதான் உப்பு, பட்டன்தான் துணி. எரிபொருள் தீக்குச்சி: ஒரு மாடி ஏற ஒரு குச்சி. குச்சி தீர்ந்தால் நின்ற படியிலேயே உட்கார வேண்டும். யாராவது வந்து குச்சி கொடுத்தால்தான் எழுந்திருக்கலாம். தோழன் சேர்த்த சட்டம் ஒன்று: மேலே போகிற சரக்குக்குச் சமமாகக் கீழே இறங்கவும் ஏதாவது இருக்க வேண்டும். ரிட்டர்ன் லோடு இல்லாமல் வண்டி எடுக்கிற ஓனர் உருப்பட்டதில்லை என்பது அவன் தொழில் ஞானம்.

காலையில் எல்லோரும் ஒழுங்காகத்தான் ஏறி இறங்கினார்கள். பதினோரு மணி வாக்கில் ஒரு மெடிக்கல் ரெப், இரண்டாவது மாடித் திருப்பத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் நகரவே இல்லை. போகிற வருகிறவர்களிடம் மேலே என்ன விலை, கீழே என்ன விலை என்பதை விற்றார். விலை இரண்டு புளியங்கொட்டை. பொய் விலைக்கு ஒன்று தள்ளுபடி. சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் சிகரெட் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கடன் சீட்டு வெளியிட, மத்தியானத்துக்குள் அது எங்கள் அதிகாரபூர்வ நாணயத்தைவிட மதிப்பாக ஓடியது. குச்சி தீர்ந்து படியில் உட்கார்ந்துவிட்ட ஒரு எல்ஐசி குமாஸ்தாவுக்கு, அதுவரை முகம் பார்த்துப் பேசாத பக்கத்து அறைக்காரர் பாதிச் சரக்கை வாங்கிக்கொண்டு குச்சி கொடுத்தார். சாயங்காலம் அந்த இருவரும் கூட்டாகக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இருட்டும்போது ஒரு புளியங்கொட்டை தங்க விலைக்குப் போய்விட்டது. ஒவ்வொரு டெலிவரிக்கும் எங்கள் பாங்க் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது; யாருக்கும் செலவே இல்லை. "லாரின்னா டயர் தேயும், செக்போஸ்ட்ல மாமூல் அழணும், ஒருநாள் லோடு இறக்கலேன்னா டிமரேஜ். உன் ஆகாசத்துல பணம் எங்கடா வெளிய போகும்?" என்று கேட்டான் தோழன். இன்றைய மீட்டிங்குகளில் இதைக் குழாயும் வடிகாலும் என்று படம் போட்டு விளக்குகிறோம். மாமூல் என்ற ஒரே சொல்லில் முடிகிற விஷயத்துக்குப் பதினாறு ஸ்லைடு. மெஸ் மூடுகிற நேரமானதால் அன்று பிரபஞ்சம் கலைந்தது.

அதன் பிறகு அவன் சொந்தமாக வண்டி வாங்கிச் சேலத்துக்குப் போனான். நான் நியூஜெர்ஸிக்குப் போனேன். நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

2003 மே மாதம் ஐஸ்லாந்திலிருந்து 'ஈவ் ஆன்லைன்' வந்தது. ரேக்யவிக்கில் இருந்த சிசிபி என்ற நிறுவனம், முதலில் அட்டையில் ஆடும் போர்டு கேம் ஒன்றை உள்ளூரில் விற்று அந்தக் காசில் இதைத் தொடங்கியதாம். படித்தபோது எனக்கு மெடிக்கல் ரெப்பின் நாற்காலி கண்ணில் வந்து போனது. 5,000 நட்சத்திர மண்டலங்களுக்கு மேல். ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பிரபஞ்சத்தில். மற்ற விளையாட்டுகள் கூட்டம் சேர்ந்தால் இன்னொரு நகல் உலகம் திறந்து ஆட்களைப் பிரித்து விடும். இவர்கள் பிடிவாதமாக மறுத்தார்கள்.

5,000 ஊர் கொடுத்தும் ஜனங்கள் ஒரே ஊரில் போய் முண்டியடித்ததுதான் வேடிக்கை. முதலில் யூலாய். விரைவுப் பாதைகள் எல்லாம் அங்கே கூடியதால் சந்தையும் அங்கே கூடியது, சர்வர் திணறியது. வியாபாரம் பரவட்டும் என்று நிறுவனம் பாதைகளையே எடுத்துவிட்டது. கொத்தவால் சாவடிச் சந்தையைக் கோயம்பேட்டுக்கு மாற்ற நம் அரசாங்கத்துக்கு எத்தனை வருஷப் பாடு. இங்கே வியாபாரிகள் யாரையும் கேட்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜிட்டா என்ற இன்னோர் ஊரில் மொத்தமாக இறங்கினார்கள். கடைசியில் நிறுவனமே தோற்று, ஜிட்டாவுக்கென்று தனி மெஷின் ஒதுக்கியது. 2011இல் கதாபாத்திரம் மாட்டிக்கொள்ளும் ஒற்றைக் கண் கண்ணாடிக்கு 60 டாலருக்கு மேல் விலை வைத்தபோது, ஜனங்கள் அதே ஜிட்டாவில் கூடி அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுத் தள்ளினார்கள். மறியலுக்கும் கடைத்தெருதானே வசதி.

2007இல் அவர்கள் எய்யோல்ஃபர் குட்முண்ட்சன் என்ற பொருளாதார நிபுணரை வேலைக்கு வைத்தார்கள். இல்லாத கப்பல்களின் விலைவாசியைக் கண்காணிக்க, முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர். பிற்பாடு ஒரு பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். அந்தப் பிரபஞ்சத்தின் மிகப் பெரிய சண்டைகளில் ஒன்று 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்தது. காரணம் மண்ணாசையோ பெண்ணாசையோ இல்லை, கட்டாமல் விட்ட ஒரு வாடகை பாக்கி. 7,500 பேருக்கு மேல் இறங்கி, 21 மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். 75 டைட்டன் கப்பல்கள் போயின. நிஜப் பணத்தில் 3 லட்சம் டாலர் அளவுக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள். அத்தனை கூட்டத்தைச் சர்வர் தாங்கியது எப்படி என்றால், காலத்தையே மெதுவாக்கி. அங்கே ஒரு விநாடி நடக்க இங்கே பத்து விநாடி. நாங்கள் மொட்டைமாடியில் காலத்தை ஓட்ட வழி தேடியிருந்தோம். அவர்கள் நிறுத்திவைக்க வழி கண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் பெருக்கல் வாய்ப்பாட்டில் இறங்கினார்கள். 2014 டிசம்பரில் பிராபென் 'எலைட் டேஞ்சரஸ்' கொண்டுவந்தார்: 40,000 கோடி நட்சத்திர மண்டலங்கள், நம் பால்வீதி அப்படியே. 2016 ஆகஸ்டில் ஹலோ கேம்ஸ் 'நோ மேன்ஸ் ஸ்கை'யை விட்டது. 1.8 லட்சம் கோடி கோடி கிரகங்கள். இரண்டு பேர் சந்திப்பதற்கு வாய்ப்பே இல்லை என்பது போன்ற கணக்கு. வெளியான உடனேயே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. சந்திப்பதற்கான ஏற்பாடு ஒழுங்காக வந்து சேர 2018 ஜூலை ஆனது.

'எலைட் டேஞ்சரஸ்'ஸில் எரிபொருள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். நட்டநடு இருட்டில் நிற்பவர்களைத் தேடிப் போய் இலவசமாக எரிபொருள் ஊற்றுவதற்காகவே ஆட்டக்காரர்கள் தாங்களாகச் சேர்ந்து 'ஃப்யூயல் ராட்ஸ்' என்று ஒரு படை வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபா சென்டாரியில் ஹட்டன் ஆர்பிட்டல் என்றொரு நிலையம். கப்பல் வந்து இறங்கும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு. வெகுகாலம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கே போனால் அனகோண்டா கப்பல் ஓசியில் கிடைக்கும் என்று பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சத்தியம் செய்வார்கள். கிடைக்காது. ஒரு கோப்பை விற்பனைக்கு இருக்கும். ஏமாந்தவர்கள் திரும்பி வந்து அடுத்தவரிடம் அதே சத்தியத்தைச் செய்கிறார்கள். தோழன் இருந்திருந்தால் இந்த விளையாட்டுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பான்.

இந்த இரண்டு கதையையும் எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் சொன்னேன். எங்கள் புது விளையாட்டில் கிரகங்களுக்குக் குறைவில்லை. எண்ணை ஸ்லைடில் ஒரே வரியில் எழுத முடியாமல் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். எரிபொருள் தீருமா என்பதுதான் விவாதம். கம்பெனி வழக்கப்படி எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் நரையைப் பார்த்ததும் அவர்களுக்குச் சார் என்று வந்துவிடுகிறது. "சார், டேங்க் காலியானா பிளேயர் அன்இன்ஸ்டால் பண்ணிடுவான். அதெல்லாம் ஃப்ரிக்‌ஷன்" என்றார் ஓர் இளைஞர். காத்திருப்பது ஃப்ரிக்‌ஷன். பேரம் ஃப்ரிக்‌ஷன். முன்பின் தெரியாத ஒருத்தரிடம் உதவி கேட்பது மகா ஃப்ரிக்‌ஷன். அதனால் சந்தையில் எதிரே நிற்கும் கப்பல்கள் புரோகிராம் ஓட்டும் பாட்கள். கோபப்படாது, கடன் கேட்காது, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லும். பலர் ஆடும் விளையாட்டு என்று விளம்பரத்தில் இருக்கிறது.

விவாதம் இழுத்து இழுத்துச் சமரசத்தில் முடிந்தது. டேங்க் காலியாகலாம். ஆனால் நின்ற இடத்திலேயே ஒரு பட்டன் முளைக்கும். அதை அமுக்கி 30 விநாடி விளம்பரம் பார்த்தால் டேங்க் நிரம்பிவிடும். விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கொள்ளைக்காரன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அறை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அந்த இளைஞர் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தி, "அவனுக்கும் ஒண்ணு காட்டிடலாம் சார்" என்றார்.