மஞ்சள் குருவியின் பிரஸ்தாபம்

புதிய செயலியைப் பிரபலப்படுத்த விரும்புவோர் சமூக ஊடகங்களைச் சரணடைவது இக்காலத்துச் சம்பிரதாயம். அந்தச் செயலியே ஒரு சமூக ஊடகமாக இருந்துவிட்டால் நேரும் தர்மசங்கடத்தை, பெங்களூரில் 2020ஆம் ஆண்டு ஜனனமான ‘கூ’வின் சரித்திரத்தில் காணலாம். விவசாயிகள் போராட்டத்தை ஒட்டிச் சில கணக்குகளை முடக்கும் விஷயத்தில் மத்திய அரசாங்கத்துக்கும் ட்விட்டருக்கும் மனஸ்தாபம் முற்றியிருந்த 2021 பிப்ரவரியில், அந்நாளைய ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல், தாம் இந்தச் சுதேசி ஸ்தாபனத்தில் சேர்ந்துவிட்டதாகவும், அன்பர்கள் அங்கே வந்து தம்மோடு அளவளாவலாம் என்றும் பிரகடனம் செய்தார். எங்கே செய்தார் என்கிறீர்களா? ட்விட்டரில்தான். எதிர்க்கடைத் திண்ணையில் சாவகாசமாக அமர்ந்து, அந்தக் கடைக்காரரின் விசிறியையே வாங்கி வீசிக்கொண்டு, நம் கடைக்கு வாடிக்கை பிடிக்கும் இந்தச் சாமர்த்தியம் சாமானியருக்குக் கைகூடாது. ட்விட்டரைத் தடை செய்க என்ற கோஷமும் அந்நாட்களில் ட்விட்டரிலேயே அமோகமாக முழங்கிற்று. புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் செய்த பிரமுகர்கள் பழைய வீட்டைக் காலி செய்தார்களா என்பதை விசாரிப்பது நாகரிகமன்று.

மூன்றரை ஆண்டுகளுக்குள், நீலக் குருவியை விரட்டிவிட்டு ட்விட்டரே ‘எக்ஸ்’ என்று நாமகரணம் செய்துகொண்ட பிறகு, 2024 ஜூலையில் ‘கூ’வின் சின்னமான மஞ்சள் குருவியும் கூட்டைக் காலி செய்தது. ஸ்தாபகர்கள் இந்தத் துக்கச் செய்தியைப் பகிர்ந்துகொண்ட இடம், உத்தியோகம் தேடுவோர் கூடும் லிங்க்ட்இன். சமயோசிதமான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.