கசெற் மாமா

வெள்ளிக்கிழமை பின்னேரம் படலைக் கொழுக்கி கழலும் சத்தம் கேட்டால், வீட்டில் வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகள் குசினிப் பக்கத்தால் கிணற்றடிக்குப் போய்விடுவது நல்லது. தப்பாதவர் மாட்டினார். மாமா கதிரையில் இருக்கமாட்டார். தேத்தண்ணி வேண்டாம் என்பார். சைக்கிள் கரியரில் செருகிய பையை எடுத்துக்கொண்டு நின்ற நிலையில் கேட்பார்: “என்ன தம்பி, போட்டனியோ?”

எதைப் போடுவது என்று திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் பை திறபடும்.

இலங்கை அரசாங்கத்தின் வர்த்தமானி, அதாவது கசெற், வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. அதில் எத்தனையோ சங்கதிகள் இருக்கும். மாமாவின் கண் முதலாம் பகுதியின் இரண்டு ‘அ’ தொகுதியில்தான் நிற்கும். பதவி வெற்றிடங்களும் போட்டிப் பரீட்சை அறிவித்தல்களும் அங்கேதான் வரும். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு அடுத்தபடியாக அவர் தவறாமல் அனுட்டிப்பது அந்தத் தொகுதியை. முன்பு கடதாசியில் தேடி வாங்கினார். இப்போது மகன் அனுப்பிய போனில் இறக்கி, எல்லாருக்கும் வைபரில் ஒருமுறையும் வட்சப்பில் ஒருமுறையும் அனுப்பிவிட்டு, சந்திக் கடையில் போட்டோக்கொப்பியும் அடித்துக்கொண்டு வருகிறார். “போனிலை வந்தது போனிலையே கிடக்கும். கையிலை குடுத்தால்தான் மனுசன் போடுவான்” என்பது அவருடைய கொள்கை.

கொப்பியைத் தந்த பிறகுதான் வகுப்புத் தொடங்கும். விண்ணப்பம் ஏ4 தாளில் இருக்கவேண்டும். எந்த இலக்கம் முதலாம் பக்கத்தில், எது இரண்டாம் பக்கத்தில் என்று கசெற் சொல்கிறதோ அது அந்தப் பக்கத்தில்தான் வரவேண்டும். ஓர் இலக்கம் பக்கம் மாறினால் விண்ணப்பம் குப்பைக்கு. முழுப்பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில். முதலெழுத்து முன்னுக்கா பின்னுக்கா என்பது ஒவ்வொரு படிவத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, மாமாவுக்கு அது மனப்பாடம். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்த அதிபர் வேண்டும், அல்லது சமாதான நீதவான் வேண்டும். எந்தச் சமாதான நீதவானைக் காலை எட்டு மணிக்கு முன்னம் பிடிக்கவேண்டும், எவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எழும்பமாட்டார், எவருடைய முத்திரையில் மை காய்ந்திருக்கும் என்பதெல்லாம் அவர் விரல்நுனியில்.

எல்லாவற்றுக்கும் மேலானது என்வலப். கடித உறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுதவேண்டும் என்று கசெற் சொல்லும். நீங்களும் நானும் என்றால் எழுதிவிட்டு ஒட்டிவிடுவோம். மாமா அடிமட்டம் கேட்பார். மேல் ஓரத்தில் இருந்து ஓர் அங்குலம், இடது ஓரத்தில் இருந்து ஓர் அங்குலம், பென்சிலால் மெல்லிய கோடு, அதன்மேல் நீலப் பேனை. பெயர் நீளமாகி முத்திரை ஒட்டுகிற பக்கத்துக்குப் போகக் கூடாது. “அபிவிருத்தி உத்தியோகத்தர்” என்பது ஒரு வரியில் அடங்காது என்பதை அறியாமல் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் மூன்று என்வலப்பைப் பழுதாக்கினான். நான்காவதை மாமா தன் கையால் எழுதினார். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அது என்வலப்பின் குற்றம் இல்லை என்பதில் மாமாவுக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

பிறகு தபால் கந்தோர். பதிவுத் தபால் மட்டும். துண்டு கைக்கு வந்ததும் மாமா அதை வாங்கிக்கொள்வார், ஏனென்றால் “நீங்கள் துலைச்சுப்போடுவியள்”. அவர் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய மலிபன் பிஸ்கற் ரின் இருக்கிறது. ஊரில் யார் யார் எந்தத் திகதியில் எந்தப் பதவிக்குப் போட்டார்கள் என்பதெல்லாம் றப்பர் பான்ட் போட்டுக் கட்டின தபால் துண்டுகளாக அதற்குள் கிடக்கின்றன. சம்பந்தம் பேச வருகிறவர்கள் சாதகத்தோடு அந்த ரின்னையும் பார்த்தால் பையனைப் பற்றி இன்னும் தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம்.

இத்தனையிலும் அவர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பதவியில் போய் இருந்தால் என்ன செய்யவேண்டும்? சங்கீதம் படித்த பிள்ளை சுங்கத்துக்குப் போடலாம். விலங்கியல் படித்தவன் நிர்வாக சேவைக்குப் போடலாம். “பட்டம் எண்டுதானே கேட்டிருக்கிறான், என்ன பட்டமெண்டு கேக்கேல்லையே” என்று விரலை வைத்துக் காட்டுவார். மூன்று நான்கு வருடம் கம்பசில் கழித்தது ஒரு பந்தியின் உப இலக்கத்தைப் பூர்த்திசெய்வதற்காக என்று அப்போதுதான் பிள்ளைக்கு விளங்கும். ஆர்வம், திறமை என்று யாராவது கதைத்தால் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கசெற்றில் அப்படி ஒரு கூடு இல்லை.

அடுத்த ஒழுங்கையில் ஒரு பெடியன் இருக்கிறான். வீட்டின் முன்னறையில் இருந்தே ஏதோ வெளிநாட்டுக் கொம்பனிக்கு மென்பொருள் எழுதுகிறான். இரவிரவாகக் காதில் ஹெட்போனோடு ஆங்கிலத்தில் கதைக்கிறான். தகப்பனின் கடனை அடைத்து, வீட்டுக்கு மேல்மாடியும் கட்டிவிட்டான். அவனைப் பற்றிக் கேட்டால் மாமா குரலைத் தாழ்த்துவார்: “பாவம், நல்லாப் படிச்சவன். வீட்டிலை சும்மாதான் இருக்கிறான்.”

இவரை முழுக்க நையாண்டி செய்துவிட்டுப் போகவும் முடியாது. கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழியை மாமா உண்டாக்கவில்லை. யாழ்ப்பாணம் வற்றாத ஆறில்லாத, கிணற்றை நம்பிய ஊர். தோட்டம் எல்லாருக்கும் சோறு போடாது. 1823 இல் அமெரிக்க மிஷன்காரர் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். ஊரெல்லாம் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் வந்தன. படித்தவர்கள் கொழும்புக்குக் கிளாக்கராகப் போனார்கள், மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடரில் இங்கே கல்வீடுகள் எழும்பின. பிறகு 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது, எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. இருந்த கதிரைகள் போயின, வரவேண்டிய கதிரைகளும் போயின. கைக்கு எட்டாமல் போனதில்தானே ஆசை கூடும்? மாமாவின் தகப்பனாருக்குக் கோர்ணமேந்து உத்தியோகம் ஒரு வருமானம். மாமாவுக்கு அது ஒரு வழக்கு. அரசாங்கம் தரவேண்டியது, இன்னும் தரவில்லை.

பெடியளும் அப்படித்தான் நினைத்தார்கள். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்து போராடியபோது மாமா சைக்கிளில் தினமும் போய்வந்தார். கோசம் போடவில்லை. இடைவேளையில் போய், “உதுக்கிடையிலை நிர்வாக சேவைக்கு முடிவுதிகதி வருகுது, போட்டிட்டியளோ?” என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்.

2020 இல் அவருக்குப் பெரிய வெற்றி. அரசாங்கம் பட்டதாரிகளை எடுத்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்தவர்களைப் பட்டியலில் இருந்து விட்டுவிட்டார்கள். கடையிலோ கொம்பனியிலோ கொஞ்சநாள் வேலை செய்து, சேமலாப நிதிக்குக் காசு கட்டுப்பட்டிருந்தால் நீ வேலையற்றவன் இல்லையாம். மேன்முறையீடு, ஆர்ப்பாட்டம் எல்லாம் நடந்தது. மாமா ஊரெல்லாம் சொல்லித்திரிந்தார்: “நான் அப்பவே சொன்னனான், கிடைக்குமட்டும் ஒண்டுக்கும் போகாமல் பேசாமல் இருங்கோ எண்டு.” சும்மா இருந்தவனுக்குப் பரிசு, உழைத்தவனுக்குத் தண்டனை என்ற அந்த அதிசயத்தில் மாமா வேதாந்த உண்மை ஒன்றைக் கண்டார்.

2022 ஆம் ஆண்டு அவரைப் போட்டு உருட்டியது. ஓய்வு வயது 65 ஆகியது. “இனி ஐஞ்சு வருசத்துக்கு உவையள் கதிரையை விடாயினம்” என்று வெறுத்துப்போனார். பொருளாதாரம் விழுந்தது, ஓய்வு வயது திரும்ப 60 ஆகியது. வருடக் கடைசியில் கதிரைகள் மளமளவென்று காலியாக, மாமா இரண்டு றீம் ஏ4 தாள் வாங்கி வைத்தார். அரசாங்கம் காசில்லை என்று புது ஆட்சேர்ப்பை இறுக்கிப் பிடித்தது. தாள் இன்னும் முடியவில்லை. அந்த வருடத்தில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, அரச உத்தியோகத்தர் சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போய் உழைக்கலாம் என்ற சுற்றறிக்கை. கனடாவில் உழைத்துக்கொண்டே யாழ்ப்பாணத்தில் கோர்ணமேந்து உத்தியோகத்தராக இருக்கலாம். இதற்கு மேல் ஒரு முத்தி நிலை உண்டா?

அவருடைய பிள்ளைகள் மூன்றுபேரும் வெளிநாட்டில். மூத்தவர் கனடாவில் லொறி ஓட்டுகிறார். ஒருவராவது கசெற்றுக்குப் போடவில்லை. அந்தக் கதைக்கு மாமா வரமாட்டார், நாங்களும் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முத்திரைக் காசு இல்லாத பிள்ளைக்குத் தன் பென்சனில் இருந்து எடுத்துக் கொடுப்பார். கொழும்பில் பரீட்சை என்றால் தெரிந்த வீட்டில் படுக்க இடம் ஒழுங்கு செய்வார். வேலை கிடைத்தவர்களையும் விடமாட்டார், “தடைதாண்டல் பரீட்சைக்குப் போட்டனியோ?” என்று கேட்டுக்கொண்டு கந்தோருக்கே போவார். ஒரு திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் பைல் கட்டியபோது அவர் சிரித்துப் பார்த்தவர் இல்லையாம், மாமி சொல்லுவா. பென்சன் எடுத்த பிறகுதான் அவருக்கு விருப்பமான வேலை கிடைத்திருக்கிறது.

ஆனால் என் மச்சாளின் விசயத்தில் எனக்கு மாமாவில் கோபம்தான். மச்சாள் கணக்கியல் படித்தவ. கலியாணத்துக்கு முன்னம் ஒரு கொம்பனியில் கணக்குப் பார்த்தவ. இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார் என்று பதினொரு வருடம் வீட்டோடு. சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், திரும்ப ஒரு வேலைக்குப் போகவேணும் என்று மாமாவிடம்தான் முதலில் கேட்டா. ஊருக்கே வழி சொல்லுகிற மனுசன் அல்லவா?

மாமா கேட்ட முதல் கேள்வி: “பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு?”

“நாப்பத்தொண்டு மாமா.”

மாமா பையைத் திறக்கவே இல்லை. ஆரம்பப் பதவிகளுக்கு வயதெல்லை பெரும்பாலும் 30, இல்லையென்றால் 35. ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்களுக்கு உச்ச வயதெல்லை பொருந்தாது என்று பல அறிவித்தல்களில் ஒரு வரி இருக்கும். அதாவது உள்ளே இருக்கிறவருக்கு வயது போகாது, வெளியே நின்று பிள்ளை வளர்த்தவளுக்குத்தான் போகும். மாமா அந்த வரியையும் வாசித்துக் காட்டினார். பிறகு, “இனி என்னத்துக்குப் பிள்ளை, வீட்டைப் பார்த்துக்கொண்டு இருங்கோவன்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

இதில் பகிடி ஒன்றும் இல்லை. இந்த ஊரில் இப்படிப் படித்துவிட்டு, வீட்டுப் பாரத்தைச் சுமந்து, நாற்பது வயதில் வாசலுக்கு வருகிற பெண்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பெடியனின் என்வலப்புக்கு அடிமட்டம் எடுத்தவர்கள் இவர்களுக்காக ஒரு போன் எடுத்துப் பேசமாட்டார்கள். இத்தனை வருடம் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள், செய்ததைச் சொன்னால் அது அனுபவத்தில் சேராது. மாமாவுக்குத் திருநெல்வேலியில் அரைவாசிக் கடைக்காரரைத் தெரியும், கூட்டுறவுச் சங்கத்தில் ஆட்களைத் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை. கசெற்றில் வராத வேலை அவருக்கு வேலையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மச்சாள் தானாகவே விசாரித்து, இரண்டு மாதம் கணினிக் கணக்கு வகுப்புக்குப் போய், இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிற கடை ஒன்றில் சேர்ந்தா. முதலாளி கணக்குப் புத்தகங்களை அவவிடமே விட்டுவிட்டார். வற் கணக்கு, வங்கிக் கணக்கு, கடன்காரர் பட்டியல் எல்லாம் அவவின் கையில்தான். வருடம் மூன்று முடிந்துவிட்டது. சம்பளம் இரண்டு தரம் கூடியிருக்கிறது.

போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளி, மச்சாள் என்ன செய்கிறா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்: “தற்காலிகமா ஒரு கடையிலை நிக்கிறா.”