எல்.என். கேட்டோம், எல்-1 வந்தது

பெறுநர்:
கொள்முதல் குழுத் தலைவர் அவர்கள்
(தொழிற்சாலையின் பெயர் எதற்கு? வடசென்னையில் எந்த கேட்டில் கொடுத்தாலும் தங்களுக்குத்தான் என்று வாங்கிக்கொள்வார்கள்.)

பொருள்: ஆலன் கீ செட், 32 உருப்படி – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வியாசர்பாடியிலிருந்து ஒரு பிட்டர் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்.என். கீ கேட்டு இண்டென்ட் போட்டோம். தாங்கள் எல்-1 கீ, அதாவது டெண்டரில் ஆகக் குறைந்த விலைக்கு வந்த கீ, அனுப்பிவைத்தீர்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதற்காக முகம் சுளிப்பது நன்றி கெட்ட செயல் என்று எனக்கும் தெரியும்.

குழுவில் இருக்கும் படித்தவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு ஊரில் வில்லியம் ஆலன் என்பவர் 1910-இல் இந்த வகை ஸ்க்ரூவைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்து ஆலைகளில் லைன் ஷாஃப்ட்டில் புல்லியைப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவின் தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சட்டை நுனி அதில் சிக்கினால் ஆளையே சுருட்டிவிடும். தலையை உள்ளே புதைத்து, ஆறுமூலைக் குழியில் சாவி விட்டுத் திருகினால் சிக்குவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த ஆலன்தான் கடல் தாண்டி வந்து எங்கள் சிட்கோ எஸ்டேட் பட்டறைகளில் எல்.என். ஆகிவிட்டார். ஆக, இது தொழிலாளியின் கையைக் காப்பாற்ற வந்த சாவி. என் வலது கை விரல்முட்டியில் இப்போது மூன்று பிளாஸ்திரி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் செட்டின் அழகைச் சொல்ல வேண்டும். கறுப்புப் பெட்டி, ‘டக்’கென்று மூடுகிறது. சாவிகளின் குரோம் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். மில்லிமீட்டரில் ஒன்பது, அங்குலத்தில் பதிமூன்று, ஸ்டார் கீ பத்து. அங்குல போல்ட் போட்ட எங்கள் கடைசி மெஷினைப் போன வருஷம் தாங்களேதான் ஏலம் விட்டீர்கள், ஞாபகம் இருக்கும். நாங்கள் வருஷம் முழுக்கத் தொடுவது நாலே நாலு: 4, 5, 6, 8. முறையே எம்-5, எம்-6, எம்-8, எம்-10 போல்ட்டுக்கு. பந்தியில் முப்பத்திரண்டு பதார்த்தம் வைத்தீர்கள் ஐயா, சோறுதான் வேகவில்லை.

சென்ற வாரம் நைட் ஷிப்ட், மணி இரண்டு. பம்ப் கப்ளிங்கில் எம்-8 போல்ட் ஆறு. ஐந்து எப்படியோ கழன்றுவிட்டது. ஆறாவது பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி. ஹெல்ப்பர் தம்பி செல்போன் டார்ச் பிடிக்கிறான். சாவியை உள்ளே விட்டால் லொடலொட என்று ஆடுகிறது.

“அண்ணே, இது ஆறுதானா?”

“ஆறுன்னுதான் போட்டிருக்குடா.”

போட்டிருந்தது பெட்டியில். சாவியில் ஒன்றும் பொறிக்கவில்லை. ஒரு அழுத்து அழுத்தினேன். சாவி முதலில் முறுக்கிக்கொண்டது, அப்புறம் முனை மழுங்கியது, போகிற போக்கில் போல்ட்டின் குழியையும் வட்டமாக்கிவிட்டு நழுவியது. என் கை நேராகச் சுவரில்.

விடிந்ததும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: 5.82. போல்ட்டின் குழி ஆறைவிட ஒரு மயிரிழை கூட இருக்கும், சாவி ஒரு மயிரிழை குறைய இருக்கலாம்; அப்போதுதான் உள்ளே போய் வரும். தங்கள் சாவியில் மயிரிழை இல்லை ஐயா, ஒரு சடையே குறைகிறது.

வீட்டில் அப்பாவின் சாவி ஒன்று இருக்கிறது. அப்பா பின்னி மில்லில் பிட்டர். மில் 1996-இல் மூடிவிட்டது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால் அங்கே பழைய சாமான் குவியலில் பொறுக்கியது அந்தச் சாவி, 5/16 அங்குலம். கணக்குப்படி 7.94 மி.மீ. அளந்தால் இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான். தங்கள் செட்டின் 8 மி.மீ. சாவியை அளந்தேன்: 7.8. எட்டு மில்லிமீட்டர் குழிக்கு அப்பாவின் அங்குலச் சாவிதான் ஒழுங்காக உட்காருகிறது. மெட்ரிக் முறைக்கு மாறச் சொல்லி அரசாங்கம் அவ்வளவு பாடுபட்டதே!

அப்பா சாவி வாங்கும்போது பளபளப்பைப் பார்க்க மாட்டார். முனையைத் திருப்பிப் பார்ப்பார்: நேராக வெட்டியிருக்கிறதா, ஆறு மூலையும் கூராக இருக்கிறதா, அளவு சாவியிலேயே பொறித்திருக்கிறதா. பிறகு பையிலிருந்து பழைய அரத்தை எடுத்து ஓர் இழுப்பு. அரம் கையில் எதிர்த்துக் கிரீச்சிட்டால் பேரம் ஆரம்பமாகும். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அடுத்த கடை. காரணம் எளிது. தலையில் 12.9 என்று பொறித்த போல்ட்டின் கடினம் ராக்வெல்லில் 39 முதல் 44 வரை. சாவி 50-க்கு மேல் இருந்தால்தான் போல்ட் அதன் சொல் கேட்கும். தங்கள் சாவியில் அரம் இறங்கிய வேகத்தில் குரோம் தோல் உரிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ ஓர் உலோகம் தெரிந்தது. இரும்பாகத்தான் இருக்கும்.

ஸ்டார் கீ பற்றியும் சொல்லிவிடுகிறேன். டார்க்ஸ் என்ற பெயரில் 1967-இல் கேம்கார் என்ற அமெரிக்க கம்பெனி கொண்டுவந்தது. ஆறுமூலைச் சாவி மூலையில் நெருக்கிக் குழியை வெளிப்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும். ஸ்டாரின் இதழ்கள் ஏறக்குறைய நேராகத் தள்ளுவதால் அவ்வளவு சீக்கிரம் மழுங்காது. தாங்கள் அனுப்பிய பத்தும் நடுவில் துளை போட்டவை. குழிக்குள் முள் வைத்த திருட்டுத் தடுப்பு ஸ்க்ரூவுக்கு அந்தத் துளை வேண்டும். எங்கள் பிளான்ட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. துளை போட்ட முனையில் சதை குறைவு, சீக்கிரம் உடையும். அன்று ராத்திரி என்னைக் காப்பாற்றியதும் ஒரு ஸ்டார்தான். என் சொந்தப் பையில் கிடந்த துளையில்லாத டி-40. வட்டமாகிப்போன ஆறு மில்லிமீட்டர் குழியில் அதைச் சுத்தியலால் தட்டி இறக்கினால் கடித்துக்கொள்ளும். மெதுவாகத் திருப்பினால் ‘டிக்’கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தங்கள் மீட்டிங்கில் ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை.

இனி தங்களுக்குப் பிடித்த கணக்கு. அடுத்த கொட்டேஷனைவிட 640 ரூபாய் மிச்சம். அது ‘டூல்ஸ்’ ஹெட்டில் சேமிப்பு. புது போல்ட், மூன்று மணி நேரம் நின்ற பம்ப், இரண்டு பேர் ஓவர்டைம், எல்லாம் ‘மெயின்டெனன்ஸ்’ ஹெட்டில் செலவு. பிளாஸ்திரி ‘மெடிக்கல்’ ஹெட். நாசமானது என்னவோ போல்ட் ஹெட் ஒன்றுதான். அதற்கு மட்டும் லெட்ஜரில் இடமில்லை.

விலை குறைந்ததை எடு என்று மட்டும் எந்த டெண்டரும் சொல்லவில்லை ஐயா. கேட்ட தரத்துக்குள் விலை குறைந்தது என்கிறது. தரம் என்ற கட்டத்தில் தாங்கள் எழுதியிருந்ததை ஸ்டோரில் பார்த்தேன்: “நல்லதாக இருக்க வேண்டும்.” செம்புதாஸ் தெருவில் போய் தபாரியா என்று பேர் சொல்லிக் கேட்டால் ஒன்பது சாவி செட் கையில் வந்துவிடும். பேர் எழுதினால் ஆடிட்டில் கேள்வி வரும் என்பீர்கள். சரி, எழுத வேண்டாம். ‘ஐஎஸ்ஓ 2936, குரோம் வனேடியம், அளவு சாவியில் பொறித்தது’ என்று எழுதுங்கள். அது யாருடைய பிராண்டும் இல்லை. நீளப் பக்கம் உருண்டை முனை இருந்தால் சாய்வாக விட்டுச் சுற்ற வசதி. கடைசி இறுக்கத்துக்குக் குட்டைப் பக்கம்தான். உருண்டைக்குக் கழுத்து மெலிசு.

பழையதைக் கொடுத்தால்தான் புதியது தருவோம் என்பது ஸ்டோர் விதி. எனவே மழுங்கிய 6 மி.மீ. சாவியை இத்துடன் இணைத்துள்ளேன். மீதி 31-ம் பத்திரமாக இருக்கின்றன, யாரும் தொடுவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பிட்டர்,
வியாசர்பாடி.

பி.கு.: பெட்டியைத் திருப்பிக் கேட்காதீர்கள். கேன்டீன் டோக்கன் போட்டு வைத்திருக்கிறோம். மூடி இன்னும் ‘டக்’கென்று மூடுகிறது.