நாலே வரிதான், தம்பி

பால் பாக்கெட்டோடு திரும்பும்போதுதான் பிடிப்பார். போகும்போது பிடித்தாலாவது பால் தீர்ந்துவிடும் என்று ஓடலாம். கேட்டுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி, கையில் குறுந்தொகை. “நாலே வரிதான், தம்பி.”

தினம் ஒரு பாட்டு என்பது அவர் விரதம். அடுத்த தெருவில் ஒருவர் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் தினம் ஒரு பக்கம் படிக்கிறார். அவர் தேவலை, துய்ப்ளே வீட்டு வம்பாவது கிடைக்கும்.

பாட்டு சின்னதுதான். நாலு வரியிலிருந்து எட்டு வரி, ஒன்றிரண்டு மட்டும் ஒன்பது. படிக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அதற்கு முன்னால் திணை, துறை, யார் கூற்று என்று என்னைக் கேட்பார். நான் எப்போதும் “தோழி” என்றுவிடுவேன். பல நாள் சரியாகவே இருக்கும். பிறகு உ.வே.சா. உரை எழுதி 1937-இல் பதிப்பித்த கதை. இரண்டாம் பாட்டென்றால் தொலைந்தேன். இறையனாரிலிருந்து நேரே 1965-க்கு, ‘திருவிளையாடல்’ படத்துக்குத் தாவுவார். நாகேஷும் அவரே, நக்கீரராக வந்த ஏ.பி. நாகராஜனும் அவரே. சிவாஜியாக அவர் முறைக்கும்போது என் கையில் பால் பாக்கெட் வியர்த்துச் சொட்டும்.

கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. தினம் ஒன்றென்றால் ஒரு வருஷமும் ஒரு மாசமும் சொச்சமும். ஆறு வருஷமாகக் கேட்கிறேன், நாற்பதைத் தாண்டியதில்லை. நடுவில் ஒரு கல்யாணம் வரும், காய்ச்சல் வரும், பேரன் வருவான். ஒருநாள் விட்டாலும் விரதம் கெட்டதாம், மறுபடி முதலிலிருந்து. பேராசிரியர் 380 பாட்டுக்கு உரை எழுதி, மிச்சம் இருபதை நச்சினார்க்கினியர் முடித்தார் என்பார்கள். இவர் விட்டுவைத்த 361-க்கு யார் வருவார்? நாற்பதாம் பாட்டுக்காரர் செம்புலப்பெயனீரார் எங்கள் தெரு நாய்க்கும் பழக்கம். அவருக்கு அடுத்த பாட்டுக்காரர் யாரென்று கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது.

வெளிப்படையாகவே சொல்கிறேன். காலை ஆறேகாலுக்கு யாரும் யாருக்கும் இலக்கியம் சொல்லக் கூடாது. சொன்னாலும், கேட்கிறவனை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்தில் முற்றத்துப் பிரம்பு நாற்காலியை ஒருநாளும் எனக்குக் காட்டியதில்லை.

போன மாசம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பத்து நாள் கேட் பூட்டிக் கிடந்தது. கடைசி நாள், பழக்க தோஷத்தில் நின்றுவிட்டேன். முற்றத்தில் ஓர் அணில். அந்த நாற்காலியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பரணிலிருந்த என் குறுந்தொகையைத் தூசு தட்டி, நாற்பத்தொன்றாம் பாட்டைப் புரட்டினேன். பாடியவர் அணிலாடு முன்றிலார். ஆள் போன வீடு, முற்றத்தில் அணில். அந்த முற்றத்தை வைத்தே புலவருக்குப் பெயர். என் காபி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் வந்துவிட்டார். நாற்பத்தொன்றைப் பற்றிச் சொல்லலாமென்று வாயெடுத்தேன்.

“பத்து நாள் விட்டுப்போச்சு, தம்பி. திப்புத்தோளாரிலேர்ந்து ஆரம்பிச்சுடலாம். நாலே வரிதான்.”